ஏழையின் ஞாயிற்றுக்கிழமை

"வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன ஏற்பாடு?" என்று நண்பர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பது சாதாரண விஷயம். அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். 2020ஆம் வருஷம் முதல் 2022ஆம் வருஷத்துத் தொடக்கம் வரையில், அந்தச் சாதாரணக் கேள்விக்கு விடை சொல்லும் அதிகாரம் குடும்பத்தாரின் கையில் இல்லை. அது சர்க்காரின் கையில் இருந்தது. கடைக்குப் போகலாமா, கடற்கரைக்குப் போகலாமா, நோயுற்ற தாயாரைப் போய்ப் பார்க்கலாமா என்பதையெல்லாம் கோட்டையிலிருந்து வந்த உத்தரவே நிர்ணயித்தது. ஒரு சமூகத்தின் ஓய்வு நாளையே சர்க்கார் தன் வசமாக்கிக்கொண்ட அந்த அனுபவத்தை நாம் நிதானமாக ஆராயாமல் விட்டுவிட்டோம். இப்பொழுதாவது ஆராய வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நாம் எதைச் சொல்லவில்லை என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறோம். கொரோனா வியாதி கற்பனையென்றோ, ஊரடங்கே கூடாதென்றோ நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சர்க்கார் கணக்கின்படியே 38,000 பேருக்கு மேல் அவ்வியாதிக்கு இரையாயினர். 2021 மே மாதத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று கண்ட தினமும் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாகக் காத்து நின்றதைக் கண்ணால் கண்டவர்கள் கட்டுப்பாடே வேண்டாமென்று வாதிக்க மாட்டார்கள். நாம் கேட்பது வேறு. கட்டுப்பாட்டின் பாரம் யார் தலையில் இறங்கிற்று? அப்பாரத்திற்குத் தக்க பயன் விளைந்ததா? இவ்விரண்டுமே நமது கேள்விகள்.

நடந்தவற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்துவோம். 2020 மார்ச் 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று நாடெங்கும் மக்கள் தாமாகவே வீட்டிலிருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். மக்களும் இணங்கினர். இரண்டு நாள் கழித்து, 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். அன்று நள்ளிரவு முதல் தேசமே அடைக்கப்பட்டது. நான்கு மணி நேர அவகாசத்தில் 130 கோடி மக்களின் ஜீவனம் நின்றது. பிறகு சிறிது சிறிதாகத் தளர்வுகள் வந்தன. ஆனால் 2020 ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதங்களிலும் வந்த ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளும் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு நாட்களாகவே கழிந்தன. 2021 ஏப்ரல் 25ஆம் தேதி ஞாயிறும் அவ்வாறே. 2022 ஜனவரியில் 9, 16, 23 ஆகிய மூன்று ஞாயிறுகளும் அவ்வாறே. ஜனவரி 28ஆம் தேதியிலிருந்துதான் இந்த முறை கைவிடப்பட்டது.

வாரத்தில் ஒரு நாளை அடைக்க வேண்டுமானால் ஞாயிறே பொருத்தம் என்று அதிகாரிகள் எண்ணியதன் காரணம் வெளிப்படை. அன்று காரியாலயங்கள் இல்லை. பெரிய ஆலைகள் பலவும் இல்லை. ஆகவே நஷ்டம் குறைவு என்று கணக்கிட்டிருப்பார்கள். இது மாதச் சம்பளம் வாங்குகிறவரின் கணக்கு. முடி திருத்தும் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். வாரத்தின் ஆறு நாள் வரும்படி கடை வாடகைக்கும் மின்சாரத்திற்கும் சரியாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை வரும்படிதான் வீட்டுக்கு என்பார். மீன் விற்கும் அம்மையாரைக் கேளுங்கள். ஆட்டிறைச்சிக் கடைக்காரரை, கடற்கரையில் சுண்டல் தூக்குச்சட்டியுடன் அலையும் சிறுவனின் தகப்பனாரை, சத்திரத்தில் பந்தி பரிமாறும் கூலியாளைக் கேளுங்கள். மற்றவர்களுக்கு ஓய்வு நாளாக இருப்பது இவர்களுக்கு உழைப்பு நாள். அந்த ஒரு நாளைப் பறித்தால் இவர்களுடைய வாரம் முழுவதுமே பாழ். 2020ஆம் வருஷத்தில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும், 2021இல் இரு தவணைகளாக 4,000 ரூபாயும் சர்க்கார் கொடுத்தது உண்மை. அது பாராட்டத் தக்கதே. எனினும் அவை எல்லோருக்கும் பொதுவாகத் தரப்பட்டவை. ஞாயிற்றுக்கிழமைக் கூலியை இழந்தவனுக்கு அந்த இழப்புக்கு ஈடாக என்று வகுக்கப்பட்டவை அல்ல.

இவ்வளவு பாரத்திற்கும் பிரதியாக நோய் குறைந்ததென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கேதான் சனிக்கிழமையின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரல் 24ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று, சென்னை, கோயம்புத்தூர், மதுரை நகரங்களில் ஞாயிறு முதல் நான்கு நாட்களுக்கும், சேலத்திலும் திருப்பூரிலும் மூன்று நாட்களுக்கும் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் சனிக்கிழமை காலையில் கடைவீதிகளில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கூட்டத்தைக் கண்ட பின்னர்தான் கடை நேரத்தைப் பிற்பகல் மூன்று மணி வரை நீட்டினார்கள். அந்த ஏப்ரல் முடிவதற்குள் கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று வெளிப்பட்டு, அங்கிருந்து பல ஜில்லாக்களுக்கும் பரவிற்று. மே 5ஆம் தேதி மார்க்கெட்டையே மூட வேண்டியதாயிற்று. அந்த ஒரு சனிக்கிழமையே அதற்குக் காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. கூட்டத்தைக் குறைப்பதற்கென்று பிறந்த உத்தரவு முதலில் கூட்டத்தையே உண்டாக்கிற்று என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறோம்.

அந்த அனுபவத்துக்குப் பிறகும் பாடம் முழுமையாகப் படிக்கப்படவில்லை. 2021 மே 22ஆம் தேதி சனிக்கிழமையன்று, திங்கட்கிழமை முதல் தளர்வற்ற ஊரடங்கு என்று அறிவித்தபோது, அன்று இரவு ஒன்பது மணி வரையிலும் மறுநாள் முழுவதும் எல்லாக் கடைகளையும் திறந்து வைக்க அனுமதித்தார்கள்; வெளியூர் செல்வோருக்கு பஸ்களும் விட்டார்கள். நேரத்தை நீட்டியது முன்னேற்றந்தான். ஆனால் தொற்று உச்சத்திலிருந்த அதே வாரத்தில் கடைவீதிகளும் பஸ் நிலையங்களும் நிரம்பி வழிந்தன.

இதில் சூக்ஷ்மமான சாஸ்திரம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் பையன் போடக்கூடிய கணக்குத்தான். ஒரு கடைக்குச் சனிக்கிழமை ஐம்பது பேர், ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஐம்பது பேர் ஓரிடத்தில் கூடினால், ஒருவருக்கொருவர் எதிர்ப்படக்கூடிய ஜோடிகள் 1,225. இரண்டு நாளுக்கும் சேர்த்து 2,450. ஞாயிற்றுக்கிழமையை அடைத்துவிட்டு நூறு பேரையும் சனிக்கிழமையே வரச் செய்தால் ஜோடிகள் 4,950 ஆகின்றன. ஆட்களின் எண்ணிக்கை கூடவில்லை. வாங்கிய அரிசியும் பருப்பும் கூடவில்லை. தொற்றுக்கு வழி மாத்திரம் இரண்டு மடங்காயிற்று. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கூட வேண்டிய கூட்டம் சனிக்கிழமை விடியலில் கூடியதற்கும், சாராயக் கடை வாசலில் சனிக்கிழமை மாலைகளில் வரிசை வளைந்து நீண்டதற்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கிருமிக்குக் கிழமை தெரியாது. கிழமை பார்த்துக் கதவடைக்கும் சர்க்கார்தான் அதற்கு எந்தக் கிழமையில் விருந்து என்று ஏற்பாடு செய்து கொடுத்தது.

இனி இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். காற்றோட்டமில்லாத அறையில் பரவுவதைவிடத் திறந்த வெளியில் இந்த வியாதி பரவுவது மிகக் குறைவு என்பது வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. அப்படியிருக்க நமது ராஜ்யத்தில் நடந்தது என்ன? சினிமாக் கொட்டகைகள் 2020 நவம்பர் 10ஆம் தேதி பாதி ஆசனங்களுடன் திறக்கப்பட்டன. மெரினா கடற்கரை டிசம்பர் 14ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. நான்கு சுவர்களுக்குள் மூன்று மணி நேரம் சேர்ந்து உட்கார அனுமதி கிடைத்த பிறகும், வானத்தைத் தவிரக் கூரையில்லாத மணற்பரப்பில் நடக்க ஒரு மாதத்திற்கு மேல் அனுமதியில்லை! இதற்கு நியாயம் என்ன என்று யோசித்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. கொட்டகைக்கு முதலாளி உண்டு. மனுக் கொடுக்கச் சங்கம் உண்டு. வரி வரும்படி உண்டு. கடற்கரைக்கு முதலாளி இல்லை. அது எல்லோருக்கும் சொந்தமானபடியால் அதற்காகப் பேச ஒருவருமில்லை.

கடற்கரை மூடப்பட்டதால் என்ன குடி முழுகிவிட்டது என்று வசதியுள்ளவர்கள் கேட்கலாம். மாடியும் தோட்டமும் உள்ள வீட்டில் இருப்பவருக்கு ஊரடங்கு ஓர் ஓய்வு. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் வசிக்கும் குடும்பத்திற்கு அது சிறை. பட்டணத்து ஏழைக்குத் தோட்டம், மாடி, மண்டபம் எல்லாமாக இருப்பது மெரினாவின் மணல்தான். அங்கே போவதற்கு பஸ் கட்டணத்தைத் தவிர வேறு செலவில்லை. அந்த மணலை மூடிவிட்டு, "வீட்டிலேயே இடைவெளி விட்டு இருங்கள்" என்று உபதேசிப்பது, சோறில்லாதவனுக்குப் பத்தியம் சொல்வதற்கு ஒப்பாகும்.

2022ஆம் வருஷத்துக் காணும் பொங்கலை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அது ஜனவரி 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வந்தது. வருஷம் முழுவதும் உழைத்த குடும்பங்கள் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, குழந்தை குட்டிகளுடன் கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் சென்று உற்றார் உறவினரைக் காணும் நாள் அது. அந்த ஆண்டு அது காணாப் பொங்கலாயிற்று. முந்திய ஆண்டிலும் பொங்கல் நாட்களில் கடற்கரைகள் மூடியே கிடந்தன. ஆனால் அதே 2022இல், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு 16ஆம் தேதிக்குப் பதிலாகத் திங்கட்கிழமை 17ஆம் தேதிக்கு மாற்றப்பட்டு, பார்வையாளர் தொகையையும் கட்டுப்படுத்தி நடத்தப்பட்டது. அதை நாம் குறை கூறவில்லை. அதுவே சரியான வழி என்பதுதான் நமது வாதம். நாளை மாற்றலாம், தொகையைக் கட்டுப்படுத்தலாம், சீட்டுக் கொடுத்து முறை வைக்கலாம் என்று சர்க்காருக்குத் தெரிந்திருந்தது. வாடிவாசலுக்குக் கிடைத்த யோசனை மெரினாவுக்கு ஏன் கிடைக்கவில்லை? அந்த ஞாயிறுகளில் கலியாணப் பத்திரிகையைக் காட்டியவர்கள் சாலையில் செல்ல முடிந்தது. மண்டபத்திற்குள் நூறு பேர் வரை கூடவும் முடிந்தது. பத்திரிகை அடித்துக் கூடுவோருக்கு வழியுண்டு. பத்திரிகையில்லாமல் காற்று வாங்கப் போகிறவனுக்கு வழியில்லை என்பது என்ன நீதி?

சட்டத்தைத் தொழிலாகக் கொண்டிருந்த நமக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த உத்தரவுகளுக்கு ஆதாரமாக நின்றவை 2005ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டமும், 1897ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டமும். பின்னது பம்பாய் ராஜதானியில் பிளேக் பரவியபோது அந்நிய ஆட்சியினர் அவசரமாகச் செய்த சட்டம். மொத்தம் நான்கே பிரிவுகள். பிரஜைக்கு எவ்வளவு முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும், காரணம் சொல்ல வேண்டுமா, கூலி இழந்தவனுக்கு ஈடு உண்டா என்ற பேச்சே அதில் இல்லை. அந்தக் காலத்தில் பூனாவில் வீடு வீடாகப் புகுந்து நடத்திய சோதனைகள் ஜனங்களிடையே எவ்வளவு ஆத்திரத்தை மூட்டின என்பதும், அந்த ஆண்டே திலகர் ராஜத்துரோகக் குற்றத்திற்காகச் சிறை புகுந்ததும் சரித்திரம் அறிந்தவர்களுக்குத் தெரியும். சுதந்திரம் பெற்று எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் பிரஜைகளை அடக்கி வைக்க அதே சட்டத்தைத் தேடிப் பிடிக்க நேர்ந்தது நமக்குப் பெருமையன்று. நமது ராஜ்யத்திலேயே 1939ஆம் வருஷத்தில் நம்மவர்கள் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதைத் தற்கால நிலைமைக்கு ஏற்றபடி திருத்தி, சர்க்காரின் அதிகாரத்தோடு அதன் கடமையையும் எழுதி வைப்பது சட்டசபையின் வேலை.

கடமை எழுதப்படாத அதிகாரம் தெருவில் எந்த உருவம் கொள்ளும் என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூன் 19ஆம் தேதி, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் போலீஸார் பிடித்துச் சென்றனர். சில நாட்களில் இருவரும் காவலில் மாண்டனர். மத்தியப் புலனாய்வுத் துறை ஒன்பது போலீஸார் மீது கொலைக் குற்றம் சாட்டிற்று. வியாதியிலிருந்து உயிரைக் காப்பதற்கென்று ஏற்பட்ட உத்தரவு இரண்டு உயிர்களைக் கொள்ளை கொண்ட கதையை நாடு மறக்கலாகாது.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்வோம். "எல்லாவற்றையும் திறந்து வைத்து முறைப்படுத்தப் போதிய ஆட்கள் இல்லை, அடைப்பது ஒன்றே எங்களால் முடிந்தது" என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். முதல் சில வாரங்களுக்கு இது சரியான பதில்தான். நோயின் இயல்பே அப்பொழுது விளங்கவில்லை. இரண்டாவது வருஷத்திற்கு அது அரைப் பதில். மூன்றாவது வருஷத்திற்கு அது பதிலே அன்று. கேரளத்தில் 2021இல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடைத்துப் பார்த்தார்கள். மற்ற நாட்களில் கூட்டம் பெருகுகிறதென்ற குறை எழுந்தது. ஆகஸ்டு மாதத்தில் ஆறு நாள் கடைகளைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அடைக்கும் முறைக்கு மாறினார்கள். முறையை மாற்றுவதால் சர்க்காரின் கௌரவம் குறைந்துவிடாது.

சர்க்காரைக் குறை கூறுவதோடு நமது கடமை தீர்ந்துவிடவில்லை. நாம், அதாவது படித்தவர்கள், எவ்வாறு நடந்துகொண்டோம்? காய்ச்சலை மறைத்துக்கொண்டு விருந்துக்குச் சென்றவர்கள் நம்மில் இல்லையா? அழைத்தவர் மனம் நோகுமே என்று நெருக்கடி மிகுந்த மண்டபத்தில் பந்தியில் அமர்ந்தவர்கள் இல்லையா? அனுமதிச் சீட்டை ஒரு காரியத்திற்கு வாங்கி வேறொரு காரியத்திற்கு மலைவாசஸ்தலம் சென்று வந்ததைப் பெருமையாகப் பேசியவர்கள் இல்லையா? சுயராஜ்யம் என்பதன் பொருள் தன்னைத் தானே ஆள்வது. போலீஸ்காரர் நிற்கும் தெருவில் முகக்கவசமும் அவர் நிற்காத தெருவில் வெறும் முகமுமாகத் திரிகிறவன் இன்னும் அடிமை மனப்பான்மையிலேயே இருக்கிறான். ஓய்வு நாளை நமது இஷ்டப்படி ஏற்பாடு செய்துகொள்ளும் உரிமை வேண்டுமென்று கேட்கிறோம். அந்த ஏற்பாட்டில் அண்டை வீட்டுக் கிழவரின் மூச்சையும் சேர்த்துக் கணக்கிடும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டால்தான் அந்த உரிமை நமக்குப் பொருந்தும். நோய்க் காலத்து ஞாயிற்றுக்கிழமையில், பெற்றோரைத் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ கண்டு பேசி வருவதும், இருமல் கண்டால் கூசாமல் பிரயாணத்தை நிறுத்திவிடுவதும், "வரவேண்டாம், ஆசீர்வாதம் போதும்" என்று கலியாண வீட்டார் தாமே சொல்வதும் எந்த உத்தரவும் இல்லாமல் நடக்கக்கூடியவை.

உலக நாடுகள் 2025 மே மாதத்தில் கொள்ளைநோய்த் தடுப்புப் பற்றி ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. மருந்தும் தடுப்பூசியும் அடுத்த முறை விரைவில் கிடைக்கலாம். ஆனால் நமது தெருவில் ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழிய வேண்டும் என்பதை ஜெனிவாவில் தீர்மானிக்க முடியாது. அதை இங்கே, நோயில்லாத இந்தக் காலத்திலேயே தீர்மானிக்க வேண்டும். தீ பிடித்த பிறகு கிணறு வெட்டிப் பயனில்லை.

ஆகவே நாம் கோருவது இது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய, எந்த அடைப்பு உத்தரவும் மூன்று முழு நாள் முன்னறிவிப்பும் அச்சிட்ட காரணமும் இல்லாமல் பிறக்கலாகாது. அடைப்புக்கு முந்திய நாட்களில் கடை நேரத்தைக் குறைக்காமல் நீட்ட வேண்டும். திறந்த வெளிகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் மூடி, எல்லாவற்றுக்கும் முதலில் திறக்க வேண்டும். கூட்டத்திற்கு அஞ்சினால் முறை வைக்கலாம், சீட்டுக் கொடுக்கலாம், பஸ்களைப் பெருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரும்படியை நம்பி வாழ்கிறவர்களின் ஜாபிதாவை இப்பொழுதே பஞ்சாயத்துகளும் நகரசபைகளும் தயாரித்து வைக்க வேண்டும். கடையை அடைக்கச் சொல்லும் முந்தின நாளே ஈட்டுத் தொகை அவர்கள் கையில் சேர வேண்டும். ஊரடங்கை மீறியவனுக்கு அபராதம் உண்டு, அடி இல்லை என்பதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

தேச சேவையில் ஈடுபட்டுள்ள வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்ற முறை ஊரடங்கு நாட்களில் உணவுப் பொட்டலமும் மருந்தும் சுமந்து வீடு வீடாகச் சென்றவர்கள் உங்களில் பலர். அந்தச் சேவை போற்றத் தக்கது. இப்பொழுது சட்டசபை அங்கத்தினர்களின் வீட்டுக்கும் நகரசபைக் காரியாலயத்திற்கும் சென்று இந்தக் கோரிக்கைகளை வற்புறுத்துங்கள். மறுமுறை வியாதி வரும்போது, பணக்காரனின் மாடியும் ஏழையின் மணலும் ஒன்றாகவே மதிக்கப்பட வேண்டும். அந்த வாரத்தில் மீன் விற்கும் அம்மையாரைப் பார்த்து யாராவது, "வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டால், அதற்கு அவரிடமும் ஒரு பதில் இருக்க வேண்டும்.